எழுத்தாணிப்பூண்டு: மணலிலும் ஏட்டிலும் ஒரு சிறு செடியின் வரலாறு

யாழ்ப்பாணக் குடாநாட்டிற்குப் பண்டு வழங்கிய பெயர்களுள் மணற்றி, மணற்றிடர் என்பனவும் உள. திடர் என்பது மேட்டு நிலம். மணலாலாகிய மேட்டு நிலம் என முன்னோர் இந்நாட்டை அழைத்தமை எத்துணைப் பொருத்தமுடையது என்பது, வல்லிபுரந் தொடக்கம் மணற்காடு, குடத்தனை, அம்பன், நாகர்கோவில், செம்பியன்பற்று, மருதங்கேணி ஆகிய ஊர்களினூடாகச் சுண்டிக்குளம் வரை வடமராட்சியின் கீழைக் கரையோரமாகச் செல்வோர்க்கு நன்கு புலனாகும். ஒருபுறம் கடல், மறுபுறம் களப்பு, இடையே வெண்மணற் குன்றுகள். சோளகமும் வாடையும் மாறி மாறி வீசும் அந்நிலத்தில் மணல் ஓரிடத்தில் நில்லாது. ஆயினும் அது முற்றாகப் பெயர்ந்து போய்விடாமலும் இருக்கின்றது. அதனைப் பிடித்து வைத்திருப்பவை அரசர் கட்டிய அணைகளல்ல. காலடியில் மிதிபடும் சில செடிகளே.

அச்செடிகளுள் அடம்பன் கொடியையும் இராவணன் மீசையையும் கரையோர மக்கள் யாவரும் அறிவர். 'அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு' என்னும் முதுமொழி யாழ்ப்பாணத்தில் வழங்காத வீடில்லை. ஆனால் அவற்றினிடையே, அவற்றினுஞ் சிறியதாய், நிலத்தோடு ஒட்டிக் கிடக்கும் மற்றொரு செடி உண்டு. அதற்கு முதுமொழியும் இல்லை. பாடலின் சிறப்பும் இல்லை. அதற்குள்ள ஒரே செல்வம் அதன் பெயர். எழுத்தாணிப்பூண்டு என்பது அப்பெயர். அப்பெயரின் வரலாற்றை ஆராயுமிடத்து, யாழ்ப்பாணத்துக் கல்வி, மருத்துவம், நிலம் ஆகிய மூன்றின் வரலாறும் அதனோடு பிணைந்து கிடத்தல் காணலாம்.

செடியின் இயல்பு

எழுத்தாணிப்பூண்டு, தாவர நூலார் கொம்பொசிற்றே எனக் கூறும் சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. பல்லாண்டு வாழும் இயல்பினது. மணலினுள் ஆழமாக இறங்கும் ஓர் ஆணிவேரே அதன் உயிர்நிலை. வேரும் தண்டும் கூடுகின்ற கழுத்துப் பகுதி வைரமேறித் தடித்திருக்கும். அதனின்று சற்றே சதைப்பற்றுள்ள, ஓரம் வெட்டுண்ட இலைகள் வட்டமாக விரிந்து மணலின்மேற் படியும். இலையைக் கிள்ளினால் வெண்ணிறப் பால் கசியும். கழுத்திலிருந்து நூல் போன்ற ஓடிகள் நாற்புறமும் படர்ந்து, கணுக்கள் தோறும் வேர்விட்டு, ஆங்காங்கே புதிய இலைவட்டங்களை உண்டாக்கும். இவ்வாறு ஒரு செடி பல செடிகளாகி மணலை வலைபோற் பின்னிக் கொள்ளும். மஞ்சள் நிறமான சிறு மலர்த்தலைகள் காலையில் விரிந்து வெயிலேற வாடும். பின்னர் வெண்பஞ்சு போன்ற மயிர்க்குச்சத்துடன் வித்துக்கள் காற்றிற் பறக்கும்.

குடாநாட்டில் மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் வாடைப் பருவக் காற்றினாற் கிடைப்பது. எஞ்சிய மாதங்களில் மணற்பரப்பு அனலெனக் கொதிக்கும். மேலேயுள்ள இலைகள் கருகினும், கீழேயுள்ள வேரும் அதன் தடித்த கழுத்தும் உயிரைக் காத்து வைத்து, அடுத்த மழைக்கு மீண்டுந் தளிர்க்கும். உயிரை மண்ணுக்குள் ஒளித்து வைக்கும் இவ்வுபாயம் இச்செடிக்கு மாத்திரம் உரியதன்று. இதே குடும்பத்தைச் சேர்ந்த ஒத்தொன்னா என்னும் இனத்துச் சிறு செடிகள் சில, தென்னாபிரிக்காவின் மேலைப் பகுதியிலுள்ள வறண்ட நிலங்களில், கிழங்கெனப் பருத்த அடிப்பகுதியில் நீரைச் சேமித்து, கோடையில் இலையுதிர்த்து உறங்கும். தென்னிந்திய மலைப்பாறைகளிலும் இலங்கையிலும் வளர்வதாய், முன்னர் நொட்டோனியா எனவும் இப்பொழுது கிளைனியா எனவும் வழங்கப்பெறும் செடி, தடித்த தண்டிலும் இலையிலும் நீரைச் சேமிக்கும். இவற்றோடு ஒப்பிடுங்கால் எழுத்தாணிப்பூண்டு அத்துணைப் பருத்ததன்று. எனினும் வறட்சியை வெல்லும் முறையில் அவற்றிற்கு உறவுடையது.

இச்செடி யாழ்ப்பாணத்திற்கே உரியதுமன்று. கிழக்காபிரிக்கக் கரை, மடகாசுக்கர், மொரீசியசுத் தீவு, மாலைதீவு, இந்தியக் கரைகள், பர்மா முதலாக இந்து சமுத்திரத்தைச் சூழ்ந்த மணற்கரைகள் பலவற்றிலும் அது வளர்கின்றது. மாலைதீவு மக்கள் அதன் இலையை அரிந்து, மாசியும் தேங்காய்த் துருவலும் கூட்டி உண்பர். ஒரு சமுத்திரத்தின் கரையெங்கும் பரந்த ஒரு செடிக்கு, எழுதுகருவியின் பெயரைச் சூட்டியவர் தமிழர் என்பது ஈண்டுக் கருதற்பாலது.

பெயரின் பொருள்

எழுத்தாணி என்பது பனையோலையில் எழுத்தைக் கீறும் இரும்பு ஊசி. அது பலவகைப்படும். மடக்கி உறையிலிடத்தக்கது மடக்கெழுத்தாணி. ஓலையை வாருதற்குரிய அலகையும் உடன்கொண்டது வாரெழுத்தாணி. தலைப்பகுதி கனத்துத் திரண்டிருப்பது குண்டெழுத்தாணி. எழுத்தாணிப்பூண்டின் மெல்லிய காம்பையும், அதன் நுனியில் நீண்டுருண்டு நிற்கும் விரியாத மொட்டையும் நோக்குவோர்க்குக் குண்டெழுத்தாணியின் வடிவம் நினைவுக்கு வருதல் இயல்பு. இவ்வொப்புமையே பெயருக்குக் காரணமாதல் கூடும்.

இவ்வொப்புமை தோன்றுதற்கு ஒரு சூழ்நிலை வேண்டும். எழுத்தாணியை நாடோறுங் கையாண்ட சமுதாயத்தினரே ஒரு காட்டுச் செடியில் எழுத்தாணியைக் காண்பர். பனை வளம் மிக்க யாழ்ப்பாணம் அத்தகைய சமுதாயமாக இருந்தது. திண்ணைப் பள்ளிக்கூடத்து மாணாக்கன் மணலில் விரலால் எழுதிப் பழகிய பின்னரே ஓலையைக் கையிலெடுப்பான். குருத்தோலையைப் பதப்படுத்தி, நறுக்கி, துளையிட்டு, கயிறு கோத்து ஏடாக்குவர். எழுதிய எழுத்து விளங்கித் தோன்றும்பொருட்டு மஞ்சள், கோவையிலைச் சாறு, ஊமத்தையிலைச் சாறு, விளக்குக் கரி முதலியவற்றைத் தடவுவர். இதனை மையாடல் என்பர். இவ்வாறு எழுத்து என்பதே செடிகொடிகளின் துணையின்றி நடவாத தொழிலாக இருந்தது. அக்காலத்தில் ஒரு செடிக்கு எழுத்தாணியின் பெயர் வழங்கியமை புலவர் எவரும் முயன்று செய்த கற்பனையன்று. அன்றாட வாழ்விற் பிறந்த வழக்கேயாம்.

மேனாட்டார் இட்ட பெயர்கள்

இலங்கைத் தாவரங்களை மேனாட்டு முறையில் ஆராயும் முயற்சி ஒல்லாந்தர் காலத்தில் தொடங்கிற்று. 1672-ஆம் ஆண்டில் ஒல்லாந்தக் கம்பனியின் வைத்தியராக வந்த பவுல் ஏர்மன் என்பார் சேகரித்த செடிகளை அடிப்படையாகக் கொண்டு, சுவீடன் நாட்டு லின்னேயசு 1747-ஆம் ஆண்டில் இலங்கைத் தாவர நூலை வெளியிட்டார். லின்னேயசின் மாணாக்கரான கேனிக் என்பார் 1768-ஆம் ஆண்டில் தரங்கம்பாடிக்கு வந்தார். அவர் வழியைப் பின்பற்றித் தரங்கம்பாடியிலிருந்த பாதிரிமாரும் வைத்தியரும் சோழமண்டலக் கரைச் செடிகளை உலர்த்தி ஐரோப்பாவுக்கு அனுப்பலாயினர். அவற்றைப் பெற்ற அறிஞருள் பெர்லின் நகரத்து வில்டெனோ ஒருவர். அவர் 1794-ஆம் ஆண்டில் இச்செடியைப் பிறெனாந்தசு சார்மென்டோசா எனப் பெயரிட்டு வெளியிட்டார். சார்மென்டோசா என்றால் ஓடிகளையுடையது என்பது பொருள்.

இங்கு ஒரு நுட்பம் நோக்கற்பாலது. ஒரே செடியை இரு வேறு மக்கள் நோக்கினர். இலத்தீன் மொழியில் பெயரிட்டவர் நிலத்திற் படர்வதைக் கண்டார். தமிழர் நிலத்தினின்று நிமிர்ந்து நிற்பதைக் கண்டனர். முன்னது இனம் பிரித்தறிதற்குப் பயன்படும் பெயர். பின்னது வாழ்க்கையோடு ஒட்டிய பெயர். இரண்டும் உண்மையே.

வில்டெனோ இட்ட இலத்தீன் பெயர் நெடுங்காலம் நிலைக்கவில்லை. தாவர அறிவு வளர வளர இச்செடி ஓர் இனத்தினின்று வேறோர் இனத்திற்கு மாற்றப்பட்டது. 1822-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் கசினி, லோனேயா என்னும் புதிய இனத்தை வகுத்தார். பாரிசு நகரத்து இயற்கைப் பொருட்காட்சிச்சாலையில் நூலகராக இருந்த மோர்தாந்து தெ லோனே என்பாரின் நினைவாக எழுந்தது அவ்வினப் பெயர். இடையில் வேறு பெயர்களுந் தோன்றி மறைந்தன. 1891-ஆம் ஆண்டில் யேர்மானிய அறிஞர் குன்ட்சே வெளியிட்ட நூலில் லோனேயா சார்மென்டோசா என்னும் பெயர் அமைந்தது. அப்பெயரே இன்று வழக்கிலுள்ளது. நூலைக் காத்த ஒருவரின் பெயரை மேனாட்டார் இட, நூலை எழுதும் கருவியின் பெயரைத் தமிழர் இட்டிருந்தனர். ஒருவரையொருவர் அறியாத இரு சாரார் ஒரு மணற்செடியை எழுத்துலகத்தோடு சேர்த்தமை வியப்பிற்குரிய தற்செயலே.

தமிழ் அகராதிகளும் சித்த மருத்துவத்துக் குணபாட நூல்களும் எழுத்தாணிப்பூண்டு என்னும் பெயரோடு பிறெனாந்தசு என்னும் பழைய இலத்தீன் பெயரை இணைத்து வழங்கக் காணலாம். தாவர நூலார் கைவிட்ட பெயர் தமிழ் நூல்களில் தங்கிவிட்டது. இதற்குக் காரணம் காண்டல் அரிதன்று. தமிழ் மூலிகைப் பெயர்களுக்கு நேரான இலத்தீன் பெயர்களைத் தேடும் முயற்சி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மும்முரமாக நடைபெற்றது. தரங்கம்பாடியில் வாழ்ந்த றொட்லர் பாதிரியார் தாவர அறிஞராகவும் தமிழ் அகராதியாசிரியராகவும் ஒருங்கே விளங்கினார். அவர் 1795-ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கைக்கு வந்து செடிகளைச் சேகரித்தவர். அவர் தொகுத்த அகராதி 1834-ஆம் ஆண்டு முதல் வெளிவரத் தொடங்கி, 1836-இல் அவர் மறைந்த பின்னர் 1841-இல் நிறைவுற்றது. யாழ்ப்பாணத்தில் உழைத்த நைற் பாதிரியார் தொடங்கி வைத்த பணியின் பயனாய், வின்ஸ்லோ அகராதி 1862-ஆம் ஆண்டில் சென்னையில் அச்சேறியது. இவ்வகராதிகள் எழுந்த காலத்து இலத்தீன் பெயர்களைப் பின்வந்தோர் அவ்வாறே எடுத்தாண்டனர்.

பேராதனைத் தாவரத் தோட்டத்தின் தலைவராக இருந்த திறைமன் எழுதிய இலங்கைத் தாவரக் கைந்நூல் 1893-ஆம் ஆண்டு முதல் வெளிவந்தது. சூரியகாந்திக் குடும்பத்தைக் கூறும் பகுதி 1895-இல் வெளிவந்தது. அந்நூலின் திருத்திய பதிப்பில் இக்குடும்பத்தைக் கிறியர்சன் என்பார் 1980-இல் மீள ஆராய்ந்தார். ஆகவே இச்செடியின் இலத்தீன் வரலாறு ஆண்டு தவறாது எழுதப்பட்டுள்ளது. அதன் தமிழ் வரலாற்றிற்கு அத்தகைய ஆண்டுக் கணக்கு இல்லை. அது ஏட்டிலும் நாவிலும் நடந்த வரலாறு.

ஏடும் செடியும்

யாழ்ப்பாணத்து அரசர் செகராசசேகரன், பரராசசேகரன் என்னும் சிம்மாசனப் பெயர்களை மாறி மாறிப் புனைந்தனர். அப்பெயர்களால் வழங்கும் மருத்துவ நூல்கள் இரண்டு உள. 1619-ஆம் ஆண்டில் இவ்வரசு போர்த்துக்கேயரிடம் வீழ்ந்த பின்னரும், அரசர் பெயர் தாங்கிய அம்மருத்துவம் வைத்தியர் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக நின்று நிலவியது. பரராசசேகரத்தைப் பல ஏட்டுப் பிரதிகளைக் கொண்டு ஆராய்ந்து, ஏழாலை ஐ. பொன்னையாபிள்ளை 1928-ஆம் ஆண்டு முதல் 1936-ஆம் ஆண்டு வரை பகுதி பகுதியாக அச்சிட்டு வெளியிட்டார். அவர் அதனைச் செய்யாதிருப்பின் அந்நூலின் பெரும்பகுதி செல்லுக்கு இரையாகியிருக்கும்.

பழைய மருத்துவ நூல்களின் இயல்பொன்று ஈண்டு அறியற்பாலது. அவை செய்யுளால் இயன்றவை. மருந்துக்கு வேண்டிய மூலிகைகளின் பெயரையும் அளவையும் கூறுவன. இலை எத்தகையது, பூ எந்நிறத்தது, எந்நிலத்தில் வளர்வது என விரித்துரைப்பன அரிய. அவ்விளக்கம் ஏட்டில் எழுதப்படாதது மறதியினாலன்று. அதற்குத் தேவை இருக்கவில்லை. ஆசிரியர் மாணாக்கனை வயலுக்கும் காட்டுக்கும் கடற்கரைக்கும் அழைத்துச் சென்று, 'இதுதான் அது' எனச் சுட்டிக் காட்டுவார். ஏடு பெயரைக் காத்தது. ஆசிரியரின் சுட்டுவிரல் பொருளைக் காத்தது. நிலம் செடியைக் காத்தது. இம்மூன்றில் ஒன்று கெடினும் மற்றவை பயனிழக்கும். ஒரே பெயர் வெவ்வேறு ஊர்களில் வெவ்வேறு செடிகளைக் குறிப்பதாலும், ஒரே செடி வெவ்வேறு பெயர்களைப் பெறுவதாலும் பின்வந்தோர் இடர்ப்பட்டமைக்குக் காரணம் இச்சங்கிலி இடையில் அறுந்தமையே என்க.

அச்சங்கிலி அறுந்த வரலாறும் சிந்திக்கற்பாலது. 1834-ஆம் ஆண்டில் அமெரிக்க மிசனரிமார் மானிப்பாயில் அச்சகம் நிறுவினர். 1849-ஆம் ஆண்டளவில் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் அச்சியந்திரசாலை அமைத்தார். சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை அழிந்து கொண்டிருந்த ஏடுகளைத் தேடித் தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகை முதலியவற்றையும் அச்சேற்றினார். அச்சு, இலக்கியத்தைக் காத்தது. ஆனால் அதே அச்சு எழுத்தாணியைக் கையினின்றும் நீக்கியது. சோதிடர் சாதக ஓலை எழுதுவதிலும் பழைய உறுதிகளிலும் அது சிலகாலம் எஞ்சி நின்று, பின்னர் காட்சிப் பொருளாயிற்று. எழுத்தாணியைக் கண்டறியாத ஒரு தலைமுறைக்கு, எழுத்தாணிப்பூண்டு என்னும் பெயர் பொருள் விளங்காத ஓசையே.

எஞ்சிய ஏடுகளுக்கு நேர்ந்த பேரிழப்பை யாழ்ப்பாணம் மறத்தற்கில்லை. 1981-ஆம் ஆண்டு மே மாதம் 31-ஆம் திகதி இரவு தொடங்கி மூட்டப்பட்ட தீயில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அவற்றுள் ஓலைச் சுவடிகளும் அடங்கும். அச்சில் வெளிவந்த நூலுக்கு வேறிடத்திற் பிரதி இருத்தல் கூடும். ஓர் ஏட்டுக்கு, அது தனிப்பிரதியாயின், மறுபிறவி இல்லை.

மணலின் வரலாறு

ஏடு எரிந்தது, நிலமாவது எஞ்சியதோ என வினவின், அதற்கு விடை வடமராட்சிக் கிழக்கின் மணலில் உள்ளது. அம்மணல் தானே ஒரு வரலாற்றுச் சுவடி. வல்லிபுரத்தில் 1936-ஆம் ஆண்டிற் கண்டெடுக்கப்பட்ட பொன்னேடு பிராமி எழுத்தில் அமைந்தது. அது நாகதீபத்தைக் குறிப்பிடுவதாகப் பரணவிதான முதலிய அறிஞர் படித்தனர். அவ்வூரைச் சூழ்ந்த மணலினின்று பழைய மட்பாண்டங்களும் நாணயங்களும் பல காலமாக வெளிப்பட்டுள்ளன. மணற்காட்டிலே பழைய அந்தோனியார் கோவிலின் சுவர்கள் மணலிற் புதையுண்டு நிற்கின்றன. காற்று நகர்த்தும் மணல் கட்டடங்களை மூட வல்லது என்பதற்கும், மூடியதைக் காக்க வல்லது என்பதற்கும் இவ்விரண்டும் சான்று.

மணற்குன்றுகள் செய்யும் மற்றொரு தொண்டும் உண்டு. மாரி மழை அவற்றினூடாக இறங்கி, கீழே உவர்நீரின்மேல் நன்னீர்ப் படையாக மிதந்து நிற்கும். கடலுக்கு மிக அணித்தாகவுள்ள ஊர்களிலும் ஆழமற்ற கிணறுகளில் குடிக்கத்தக்க நீர் ஊறுவது இதனாலேயே. 2004-ஆம் ஆண்டு திசெம்பர் 26-ஆம் திகதி எழுந்த ஆழிப்பேரலை இக்கரையூர்களைச் சிதைத்துப் பெருந்தொகையினரின் உயிரைக் கவர்ந்தது. கடலுக்கும் குடியிருப்புக்கும் இடையே உயர்ந்த மணற்றிடர் நிற்பதன் அருமை அன்று பலரும் உணர்ந்தது.

ஆயினும் 2009-ஆம் ஆண்டிற் போர் முடிந்த பின்னர், வீடும் வீதியும் மீளக் கட்டுதற்கு மணல் பெருமளவில் வேண்டப்பட்டது. தேவை உண்மையானதே, வீடிழந்தோர் வீடு கட்டாதிருத்தல் எங்ஙனம்? ஆனால் அனுமதியுடனும் அனுமதியின்றியும் அகழப்பட்ட மணல், காற்றும் செடியும் பல நூற்றாண்டுகளாகச் சேர்த்து வைத்த முதல். குன்றின்மேல் தோலெனப் படர்ந்துள்ள அடம்பனும் இராவணன் மீசையும் எழுத்தாணிப்பூண்டும் முதலில் அகற்றப்படும். தோலுரிந்த மணலைக் காற்று கொண்டு செல்லும். நன்னீர்ப் படை குறையும். எழுத்தாணிப்பூண்டு உலகத்தினின்று மறைந்துவிடப் போவதில்லை. அது பிற நாட்டுக் கரைகளிற் செழித்தே வாழும். மறையக்கூடியது, அதனை எழுத்தாணிப்பூண்டு எனச் சுட்டிக் காட்டத்தக்க இடமும் மனிதருமே.

தென்னாபிரிக்காவிலோ ஆபத்து வேறு வடிவில் வந்தது. வீட்டு அழகிற்காகச் சிறு சதைச் செடிகளை விரும்பி வாங்குவோர் பெருகவே, 2019-ஆம் ஆண்டிற்குப் பின்னர் அந்நாட்டு வறண்ட நிலங்களினின்றும் அவை பெருந்தொகையாகத் திருடப்படலாயின. அங்கே செடி விலைப்பொருளானதால் அழிவு; இங்கே செடிக்கு விலையில்லாது அதன் கீழுள்ள மணலுக்கு விலையிருப்பதால் அழிவு. நிலத்தினின்று செடி பெயர்க்கப்படும்போது அந்நிலத்தார் அதனைப் பற்றி அறிந்தவையும் உடன் பெயர்ந்து போதல் இரண்டிற்கும் பொது.

முடிவுரை

எழுத்தாணிப்பூண்டின் வரலாறு பெரியதன்று. அதனால் அரசு எழவுமில்லை, வீழவுமில்லை. ஆயினும் ஒரு மக்களின் அறிவு எங்ஙனம் நிலைபெறுகின்றது என்பதை அது தெளிவாகக் காட்டுகின்றது. இலத்தீன் பெயர் பலமுறை மாறியும் பொருள் மாறவில்லை. ஏனெனில் உலர்த்திய செடி ஒவ்வொரு பெயரோடும் ஒட்டிப் பேழையில் வைக்கப்பட்டது. தமிழ்ப் பெயர் மாறாது நின்றும் பொருள் நழுவலாயிற்று. ஏனெனில் பெயரை நூலில் வைத்தோர் செடியை நிலத்திலேயே விட்டு வைத்தனர். நிலம் என்றும் இருக்கும் என நம்பினர். அந்நம்பிக்கை அக்காலத்திற் பிழையன்று, இக்காலத்திற் போதாது.

கரையோரப் பாடசாலைகளின் மாணவர் தம்மூர் முதியோரிடமும் வைத்தியரிடமும் கேட்டு, ஒவ்வொரு செடியின் பெயரையும், அது வளரும் இடத்தையும், உலர்த்திய ஓர் இலைக்கிளையோடு சேர்த்து ஏட்டிற் பதிவாராயின், அறுந்த சங்கிலியின் சில கண்ணிகளேனும் மீளப் பொருந்தும். அதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. பழைய செய்தித்தாளும், பாரமான சில புத்தகங்களும், ஓர் எழுதுகோலும் போதும். எழுத்தாணி செய்து வந்த தொழிலை அந்த எழுதுகோல் தொடரும். மணலிலே கிடக்கும் பூண்டு தன் பெயருக்கு மீண்டும் உரியதாகும்.